அசைந்தால் விழிக்கும் திரை

பிற்பகல் மூன்று மணிக்கு, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பிரேமலா நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, மங்கிக் கிடந்த திரை தானாகவே பளிச்சென்று வெளிச்சமானது. மவுஸ் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

அது கணினித் திரை அல்ல. ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி. அவளுக்குக் கண் பார்வை குறைந்ததும் கணவன் புவனேசன்தான் அதைக் கணினியோடு இணைத்துக் கொடுத்தான். அதற்கு ஒரு குணம் இருந்தது. படம் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் தன்னை மங்கலாக்கிக்கொள்ளும்.

"டிவிக்குப் படம் ஓடணும் லா, பிரேமா. ஓடலன்னா தூங்கிடும். ஏதாச்சும் அசைஞ்சாதான் முழிக்கும். உங்க அண்ணன் மாதிரி, சோத்துத் தட்டு சத்தம் கேக்கணும்," என்று சிரித்திருந்தான்.

இறந்தவர்களுக்குப் படம் செய்வது அவள் வேலை. சுங்கை பெசாரில் புகைப்படக் கடை வைத்திருக்கும் அழகேசன் ஆர்டர் அனுப்புவார். செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் பலருக்குத் தனிப்படம் இருக்காது. திருவிழாவில் எடுத்த கூட்டுப் படத்திலிருந்து ஆளை வெட்டி, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, நீலப் பின்னணியில் வைத்துக் கொடுப்பாள். மறுநாள் அதற்கு மாலை விழும்.

இப்போது திரையில் இருந்தது புவனேசன் வளர்ந்த தோட்டத்தின் கோயில் திருவிழாப் படம். முப்பது வருடத்துக்கு முந்தியது. இருபத்து மூன்று பேர். இறந்துபோன ஆறு பேரை ஏற்கெனவே அதன் நகலிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறாள். இன்று ஏழாவதாக வெட்ட வேண்டியவர் சிவானந்தம். வலது ஓரத்தில், பதினைந்து வயதில், எண்ணெய் வழியச் சீவிய தலையோடு புவனேசன் நின்றான்.

அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறைந்திருந்தது. இணையத்தைத் துண்டித்தாள். மவுஸ் வயரையும் பிடுங்கினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க இழுத்துவிட்ட தடித்த திரைச்சீலைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டுத் தகரத்தில் அது விழும் ஓசைக்கு நடுவே ஈரமண் வாசனையும், ஆலைப் பக்கமிருந்து செம்பனை எண்ணெயின் புளித்த வாசனையும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, சூடேறிய தொலைக்காட்சியின் பிளாஸ்டிக் நெடியோடு கலந்து நின்றன. திரை மங்கியது.

விழித்தது.

மேசை இழுப்பறையில் கிடந்த அசல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அசலில் முன்வரிசைக் கண்மணி அக்கா கேமராவைப் பார்த்தாள். அவள்தான் முதலில் வெட்டப்பட்டவள். திரையில், சாப்பாட்டுத் தட்டளவு பெரிதாகத் தெரிந்த முகத்தில் இமைமயிர்கூட எண்ணலாம். கண்மணி அக்கா வலப்புறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் மங்கியது. மறுபடியும் விழித்தது.

இப்போது ஆறு பேரும். வெட்டிய ஆறு பேரும். வலது ஓரத்தையே.

போன் போட்டாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"தஞ்சோங் காராங் தாண்டிட்டேன். லோரில இருக்கேன், ஸ்பீக்கர்ல பேசுறேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஓரமா நிறுத்துங்க. மழை விடட்டும்."

"பத்து டன் செம்பனைக் குலையை ஏத்திக்கிட்டு எங்க நிறுத்துறது? பேய்ப் படமெல்லாம் அவ்ளோ பெரிய டிவில பாக்காதேன்னு சொன்னேன்ல. காலைல ஷேவ் பண்ணப்ப கிழிச்சிக்கிட்டதே இன்னும் எரியுது. நீ ஒட்டிவிட்ட டிஷ்யூவோடயே ஊர் பூரா சுத்தறேன், சிரிக்கிறானுங்க."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்களேன்."

"அரை மணி நேரம்மா. வந்துடுவேன்." வைத்துவிட்டான்.

திரையில் ஆறு பேரும் ஓர் அடி நகர்ந்திருந்தார்கள். கண்மணி அக்காவின் கை பையன் புவனேசனின் தோளருகே இருந்தது.

அவர்களிடமிருந்து அவனைப் பிரிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மவுஸைச் செருகினாள். எண்ணெய்த் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, கழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கை பழக்கத்தில் ஓடியது. வெட்டினாள். தோளருகே இருந்த விரல்களை அழித்தாள். கூட்டுப் படத்தை நீக்கினாள். அடியோடு.

மூச்சு வந்தது. நிமிர்ந்தாள்.

நீலப் பின்னணி. நடுவில் புவனேசன். மேலே மாலைக்கு விட்ட இடம்.

அவள் கை எப்போதும் செய்வதைத்தான் செய்திருந்தது.

அழிக்கப் போனாள். விரல் மவுஸின் மேல் நின்றுவிட்டது. இதையும் அழித்தால் அவனுக்கு என்ன ஆகும்? தெரியவில்லை. கையை எடுத்தாள். நகராமல் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம். இரண்டு.

திரை மங்கியது.

மங்கியே இரு. மங்கியே இரு.

மேசையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். அவள் எடுக்கவில்லை. நின்றது. திரும்ப அதிர்ந்தது.

திரை விழித்தது.

பதினைந்து வயதுப் பையன் அவளையே பார்த்தான். தாடையில் ஒரு துண்டு டிஷ்யூ ஒட்டியிருந்தது. அதன் நடுவில் சிவப்பு மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.