நாக்கு வைக்காதே அம்மா!

அருப்புக்கோட்டையில் அந்த வருஷம் மழைக்கும் தட்டுப்பாடு, விறகுக்கும் தட்டுப்பாடு. கடலுக்கு அப்பால் நடந்த சண்டை மட்டும் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

நூலுக்குச் சாயம் போடும் நாகையா, விறகு கிடைக்காததால்தான் உவர்மண்ணைக் கைவிட்டார். உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரில் நூலை நெடுநேரம் வேகவைத்தால் பிசுக்குப் போகும். பிறகுதான் சாயம் பிடிக்கும். மதுரையிலிருந்து வந்த காஸ்டிக் சோடா என்ற வெள்ளைக் கட்டிக்கோ ஒரு கொதி போதும்.

கட்டிக்கு மாறியவர் பழக்கத்தை மாற்றவில்லை. வெந்த நூலை அலசியதும் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பது சாயக்காரர் வழக்கம். உவர்த்தால் இன்னும் அலச வேண்டும். உவர்க்காவிட்டால் சாயத்தொட்டிக்குப் போகலாம். அவருடைய அப்பாவும் வைத்தார், தாத்தாவும் வைத்தார். உவர்மண் பரம சாது. யாரையும் கடித்ததில்லை.

வெள்ளைக் கட்டி கடித்துவிட்டது.

ஓர் அலசு முடிந்த நூலில் ஒரு கொத்தை வாயில் வைத்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கங்கம்மாள் ஓடிவந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். தினம் மஞ்சள் பூசிக் குளிப்பவளின் மஞ்சள் ஏறிய முந்தானை அது. துடைத்த இடம் சிவந்தது.

"ஐயோ, ரத்தம்!"

இவர்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். கதை சொல்கிறவனுக்குக் கன்னடத்தில் வசவு மட்டும்தான் தெரியும் என்பதால், இங்கே தமிழிலேயே பேசட்டும்.

பத்து வயது மகள் சௌடேஸ்வரி செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி அப்பாவின் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். அவள் அண்ணன் அப்பய்யா ஓடிப்போய் வைத்தியரை அழைத்து வந்தான்.

"மோர் மட்டும் குடுங்க. நாக்கு ஆறிரும்" என்றார் வைத்தியர். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் மீதியைச் சொன்னார். "ருசி திரும்புமான்னு சொல்ல முடியாதும்மா."

அப்பா சுவரில் சாய்ந்து கிடந்தார். மோரைக்கூட விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை.

கொல்லையில் நூல் காத்துக்கொண்டிருந்தது. கட்டியின் காரத்தோடு கிடந்தால் இழை இற்றுப்போகும். போதும் போதும் என்று அலசலாம் என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை.

கங்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். "அப்பய்யா, தண்ணி எறைடா. அலசிட்டு நான் நாக்கு பாக்கேன்."

"அப்பாவப் பாத்த பொறவுமா?" என்றாள் சௌடேஸ்வரி.

"வேற ஆரு பாக்குறது? நீ பாக்கியா? போடி, நான் மாத்திப்போட்ட சேலைய அலசிப்போடு."

சௌடேஸ்வரி சேலையை எடுத்துப் போனாள். அம்மாவும் சுவரில் சாய்ந்துவிட்டால்?

முந்தானையை ஒரு சட்டித் தண்ணீரில் முக்கினாள். ரத்தச் சிவப்பு மெல்ல வெளுத்தது. வெளுத்து, மஞ்சளானது!

"அண்ணே, ரத்தம் மஞ்சளாகுமா?"

கிணற்றடியில் நின்ற அப்பய்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன் கண்ணுதான் மஞ்சளாகியிருக்கும். போ புள்ள."

அது ரத்தம் இல்லை. அப்படியென்றால் என்ன? கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டு அவள் நினைவுக்கு வந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்குமே! வெள்ளைக் கட்டியும் சுண்ணாம்புக்குப் பங்காளியாக இருக்குமோ? இரண்டும் வெள்ளை, இரண்டும் வாயைப் பொத்துப்போக வைக்கிறவை.

கைக்குக் கிடைத்த துணியைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். மஞ்சளைக் குழைத்து முக்கியெடுத்துக் குச்சியில் சுற்றினாள். ஓடினாள்.

அம்மா இன்னோர் அலசை முடித்து, இழையை வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"நாக்கு வைக்காதம்மா!"

கத்திய கத்தலில் அம்மாவின் கையிலிருந்து இழை நழுவியது. சௌடேஸ்வரி அதன்மேல் மஞ்சள் துணியை அழுத்தினாள்.

துணி சிவந்தது.

"பாரு! அப்பா வாயத் தொடைச்சப்ப சிவந்துச்சுல்ல, அது ரத்தமில்ல. இந்தக் காரம்தான். இன்னும் இருக்கு."

கங்கம்மாள் சிவந்த துணியைப் பார்த்தாள். தன் உதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி எறைடா" என்றாள் மெதுவாக.

"கெணத்துல சேறுதாம்மா இருக்கு."

"இருக்குறத எறை."

அடுத்த அலசில் புதுத்துணி ஆரஞ்சு நிறமானது. அப்பய்யா வாளியை இறக்கினான். அடியில் கிடந்ததை வழித்து எடுத்து, மண் தெளியும்வரை வைத்திருந்து, கடைசி அலசுக்கு ஊற்றினார்கள்.

சௌடேஸ்வரி இன்னொரு துணியை வைத்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"எதுக்கும் ஒருவாட்டி வச்சுப் பாத்துருதேன்" என்று கங்கம்மாள் இழையை எடுத்தாள். பழக்கம் லேசில் விடுமா?

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நாகையா. சுவரைப் பிடித்தபடியே நடந்து வந்திருந்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். மஞ்சள் துணியைக் காட்டினார், சாயத்தொட்டியைக் காட்டினார். போடு என்பதுபோல் கையை வீசினார்.

நூல் தொட்டியில் இறங்கியது. சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்காமல், ஒரே சீராக ஏறியது. நாகையா அங்கேயே உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக மோரைக் குடித்தார். பாதி வெளியே வழிந்தது. பாதி உள்ளே போனது.

அப்போதுதான் கங்கம்மாள் குச்சியில் சுற்றியிருந்த துணியை உற்றுப் பார்த்தாள்.

"ஏடி! இது என் புது ரவிக்கைத் துணில்ல? ரேஷன்ல எம்புட்டு நேரம் நின்னு வாங்குனேன்! ஒனக்குக் கிழிக்க வேற துணி கெடைக்கல? சாயம் போடுற வீட்டுல கந்தலுக்கா பஞ்சம்?"

திட்டு நீண்டது. அம்மாவின் நாக்கில் ஒரு சொல்கூடக் குழறவில்லை. சௌடேஸ்வரி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை ஆசையாகக் கேட்டாள்.