நைனாவின் பத்தாவது தேங்காய்

சொக்கம்மாள் அத்தையின் நிலத்தில் நானூறு அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. போர் வண்டி கிளம்பிப் போன பிறகும் அத்தை அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஏனென்றால், அந்த இடத்தைக் காட்டியது என் அப்பா, என் நைனா.

மானாம்பதிப் பக்கம் நைனாவை எல்லோருக்கும் தெரியும். பெயர் கன்னியப்பன். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அப்படி அவர் காட்டிய ஒன்பது இடங்களில் தண்ணீர் வந்திருக்கிறது. வகுப்பில் நான் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாளே இல்லை.

பத்தாவது இடம் அத்தையுடையது. அதற்காகத் தன் ஒரே கறவை எருமையை விற்றிருந்தார். இப்போது, வேறு இடம் காட்டினால் கிடேரிக் கன்றையும் விற்றுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். நைனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை புதுத் தேங்காய் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒன்றைச் சோதிக்கும்போது விடை முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது என்று எங்கள் அறிவியல் டீச்சர் ஷாஹீதா சொல்வார். நான் ஒரு துண்டை எடுத்து வந்தேன்.

"நைனா, கண்ணக் கட்டிக்கினு நம்ம நெலத்துல நடக்கிறியா?"

முறைத்தார். பிறகு எனக்காக ஒத்துக்கொண்டார்.

முதலில் கண்ணைத் திறந்தபடி மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் மருத மரத்துக்குப் பக்கத்தில்தான் தேங்காய் எழுந்தது. அப்புறம் கண்ணைக் கட்டி, நாலு சுற்று சுற்றிவிட்டு நடக்கச் சொன்னேன். தேங்காய் எழுந்த இடத்திலெல்லாம் ஒரு கல் வைத்தேன். ஒன்று வரப்பில், ஒன்று குப்பைமேட்டில், ஒன்று கோழிக்கூண்டின் வாசலில். கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

நைனா துண்டை அவிழ்த்து அந்தக் கற்களையே பார்த்தார்.

"நான் யாரையும் ஏமாத்தல, செல்வி."

எனக்குத் தெரியும். அதனால்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். அந்த ஒன்பது இடங்களிலும், தண்ணீருக்கு அடையாளமாகச் சொல்லும் பச்சைப் புல்லோ, கரையான் புற்றோ, மரமோ இருந்தது. நடப்பதற்கு முன்னாலேயே நைனாவின் கண் அதையெல்லாம் பார்த்துவிடும். அத்தையின் நிலமோ புல்டோசர் வைத்துச் சமன் செய்த பொட்டல். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"அப்போ அந்த ஒம்போதும்?"

"நீ பாத்துக் கண்டுபுடிச்சியா, தானா அமைஞ்சுதான்னு எனக்குத் தெரியல, நைனா."

நைனா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு அத்தை வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கன்னுக்குட்டிய விக்காதக்கா. உன் நெலத்துல தண்ணி எங்க கீதுன்னு எனக்குத் தெரியல. அன்னிக்கும் தெரியல."

"எருமய விக்கறதுக்கு முன்ன இத சொல்லியிருக்கலாமே, கன்னியப்பா."

அத்தையின் குரல்கூட உயரவில்லை. தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த கன்று, கிட்டே வந்து நைனாவின் கையை நக்கியது. நைனா அப்படியே உட்கார்ந்து அழுதார். நைனா எப்படியும் இடம் காட்டிவிடுவார் என்று நம்பி, சந்தைக்கு ஓட்டிப் போக அவிழ்த்து வைத்திருந்த கன்றின் கயிற்றை, அத்தை எழுந்துபோய் மறுபடியும் முளைக்குச்சியில் கட்டினார்.