பித்தக்காவலன்

மதுரையில் மங்களேஸ்வரி காலையில் இரண்டு உளுந்த வடை தின்றது, சாத்தூரிலிருந்த அண்ணன் தனுஷ்கோடிக்குச் சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. உடனே போன் செய்தான். அவன் கொடுத்த ஈரல் எண்ணெயில் முங்குகிறதாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி ஈரலை வெட்டிக் கொடுத்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக வயிற்றுக்குள்ளேயே குடிவந்துவிடுவதா?

மாற்று ஈரலின் பித்தக்குழாய், தையல் போட்ட இடத்தில் சுருங்கிவிட்டது. அதைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் செருகினார்கள். பித்தக்காவலன் என்று பெயர். பித்தத்தை ருசி பார்த்தே சாப்பாடு, மாத்திரை, கோபம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் பொல்லாத குழாய். ஈரல் என்பது கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பொது என்று சட்டம் வந்துவிட்டதால், ஒருவர் வயிற்றுச் சேதி மற்றவர் போனுக்குப் போகும். காவலனைக் கழற்றவும் மற்றவர் சம்மதம் வேண்டும்.

புண் ஆறிவிட்டது, கழற்றிவிடலாம் என்று மருத்துவர் ஹெப்சிபா சொல்லி மாதங்களாகின்றன. விட்டுவைத்தால் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும், காய்ச்சல் உயிரைக் குடிக்கும் என்றும் எச்சரித்தார். தனுஷ்கோடி மசியவில்லை.

“கழட்டிட்டா நீ கண்டதையும் தின்பே. இருக்கட்டும் மங்கா, எனக்கு ஒரு நிம்மதி.”

“உன் நிம்மதிக்கு என் வயிறுதான் கிடைச்சுச்சா அண்ணே?”

கோபமும் ஈரலுக்கு ஆகாது என்று அதற்கொரு புத்திமதி சொன்னான்.

ஆடியில் அடைத்துக்கொண்டது. கண் மஞ்சளாகி, நடுக்கத்தில் பல் கிட்டித்துப் பினாத்தியவளைப் பார்த்த ஹெப்சிபா, யார் சம்மதத்துக்கும் காத்திராமல் காவலனை உருவி எடுத்தார். பிழைத்தாள். ஆப்பிள் பையோடு வந்த அண்ணன், அவள் மாத்திரை போட்ட சேதி தினமும் அவன் போனுக்குப் போயிருந்தும், நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாய் என்றான். காய்ச்சலைக்கூட மறந்துவிட்டாள், அந்தப் பேச்சை அவளால் மறக்கவே முடியவில்லை.

மறுவருடம், வெட்டிக் கொடுத்த இடத்தில் தனுஷ்கோடிக்கே பித்தக்குழாய் சுருங்கியது. அவனுக்கும் ஒரு காவலனைச் செருகினார்கள். ஆறியதும் அவள் போனுக்குக் கேள்வி வந்தது: கழற்றலாமா?

பின்னாலேயே அவனும் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

“சரின்னு ஒரு தட்டு தட்டிரு தாயி.”

தட்டத்தான் போனாள். அடைத்துக்கொண்டால் என்ன பாடு என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நேற்று அவன் என்ன தின்றான் என்று ஒரு தரம் திறந்து பார்த்தாள்.

“ராத்திரி பரோட்டாவா அண்ணே?” என்றாள். “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். தீபாவளி கழியட்டும், பார்ப்போம்.”