காலிப் பலகையில் ஐம்பத்து நான்கு கிலோ

பலகைமேல் யாருமே நிற்கவில்லை. டிவி மட்டும் ஐம்பத்து நான்கு கிலோ என்றது.

ஹேமலதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐம்பத்து நான்குதான். பிள்ளைகள் ஏறி நின்று டிவியில் பனிச்சறுக்கு விளையாடுவதற்கென்று செய்த பலகை அது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, லாஸ்பேட்டையில் தன் பிசியோதெரபி அறையில் போட்டிருந்தாள். ஏறி நிற்பவர் எத்தனை கிலோ என்பதைத் திரையில் ஓர் எண்ணும், எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை ஒரு சிவப்புப் புள்ளியும் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி மெஷின்களெல்லாம் இதன் காலில் விழுந்து பாடம் கேட்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

கண்ணையன் பலகைக்கு ஓரடி தள்ளித் தரையில்தான் நின்றிருந்தார். குருசுக்குப்பத்து மீனவர். ஆடிக் காற்றில் படகு கவிழ்ந்தபோது அவர் மட்டும் கரை சேர்ந்தார். மச்சான் ராஜாங்கத்தின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இவருக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கச் சாய்வு. பலகையில் நேராக நின்று காட்டினால்தான் கடலுக்குப் போகலாம் என்று ஹேமலதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தள்ளாடுகிற ஆள் படகில் நின்றால் உயிர் மிஞ்சாது.

சற்று முன் அவர் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏறு மச்சான்," என்று முணுமுணுத்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"யாரக் கூப்ட்டீங்கண்ணே?"

"அட, பழக்கம் மேடம். படகுல எப்பவும் அவன்தான் மொதல்ல ஏறுவான். அவன் ஏறாம நான் கால் வெச்சதே இல்ல." சிரித்தார். "இன்னா மேடம், உங்க பொம்ம மெஷினுக்கு ஜொரமா?"

"மழ ஈரம்ணே. ஒங்க வாய்க்கு அது தேவல."

ஆளில்லாதபோது எண் காட்டினால் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவது வழக்கம். பொத்தானை அழுத்தினாள். பூஜ்யம்.

வெளியே வங்கக் கடலையே வாளியில் மொண்டு கவிழ்த்ததுபோல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்திலேயே அறை இருட்டிவிட்டது. ஸ்பிரிட் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, ஊறிய கயிறும் உப்பும் வெகுநாள் தண்ணீரில் கிடந்த துணியும் கலந்தாற்போல, பலகைப் பக்கமிருந்து மெல்ல மெல்ல எழுந்து வந்தது. நனைந்த சட்டையாக இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கண்ணையன் ஏறினார். புள்ளி நட்டநடுவில் நின்றது. மணக்குள விநாயகர்கூட இத்தனை அசையாமல் நின்றதில்லை.

"பாஸ்ணே! நாளைக்கே கடலுக்குப் போலாம்!"

"நெசமாவா மேடம்?" அவர் கண் கலங்கிவிட்டது. இறங்கினார். திரையில் மறுபடி பூஜ்யம். செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, அறைக்குள் திரும்பிப் பார்த்தார்.

"வா மச்சான். போவலாம்."

திரையில் எண் சரிந்தது. மைனஸ் ஐம்பத்து நான்கு.

ஹேமலதா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பலகை காலி. இப்போதுதான் காலி. அப்படியென்றால், அவள் பூஜ்யம் அழுத்தியபோது, அதன்மேல் ஓர் ஆள் நின்றிருக்கிறான்.

சொத்.

தரையில் ஈரம். சொத். இன்னும் கொஞ்சம் தள்ளி. சொத். அவளைக் கடந்து. வாசலுக்கு.

"அண்ணே! போவாதீங்க! நில்லுங்க!"

ஓடினாள். மழையில் மொபெட் கிளம்பிவிட்டது. அவள் வழியனுப்புவதாக நினைத்து அவர் கையை உயர்த்தினார். வண்டி கடல் பக்கம் திரும்பியது.

பின்சீட்டில் யாருமில்லை. பின்சக்கரம் தரையோடு அமுங்கியிருந்தது. அவர் சட்டை மட்டும், இடுப்பின் இரண்டு பக்கமும், இறுகப் பற்றிய விரல்களுக்குள் அகப்பட்டாற்போல், கொத்தாகச் சுருங்கியிருந்தது.