நெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி

"சீக்கிரம் எடுங்க அழகிரி! அவ வந்துடுவா!"

குளத்து நெட்டித் தண்டில் பொம்மை செதுக்கும் ஸ்ரீரங்கத்து வேலைக்காரர் அழகிரி, கண்ணாடிப் பெட்டியின் சட்டத்தில் கத்தி முனையைச் செருகி நெம்பினார். அசையவில்லை. பேட்ரிசியா ஜன்னலுக்கும் மேஜைக்குமாகத் தவித்தாள்.

கண்ணாடிக்குள் ஓர் அறை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் வளர்ந்த இதே அறை, வெள்ளை நெட்டியில், கைக்கு அடக்கமாக. கட்டில், கொசுவலை, மாதா படம், நாற்காலியின் பிரம்புப் பின்னல்கூட. சாயங்கால ரயிலில் மெட்ராஸ். அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. திரும்பி வரப்போவதில்லை என்பதால் ஞாபகத்துக்குச் செய்யச் சொல்லியிருந்தாள்.

சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியை மட்டும் அவள் சொல்லவில்லை.

"நான் கேட்டேனா அதை? எடுத்துடுங்க!"

"இந்த ரூம் தரையில துருத் தடம் இருந்துச்சுங்க. நூல் போட்டு அளந்தேன். தடம் இருந்தா பொருளும் இருக்கணும். எங்க வேலை அப்படி."

அந்த டிரங்கு இந்த வீட்டை விட்டுப் போய் எத்தனையோ வருஷம். பேட்ரிசியாவின் சிறு வயதில், அவளை வளர்த்த ஆயா பவுனம்மாளின் மகள் மயிலு, கண்ணாமூச்சி விளையாட்டில் அதற்குள் ஒளிந்தாள். மூடி தானாக விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது என்றார்கள். திறந்தபோது மூச்சில்லை. பேட்ரிசியாவின் அப்பா அன்றே பெட்டியை அப்புறப்படுத்தினார். பவுனம்மாள் அழுது முடித்து, இதே வீட்டுக்கு வேலைக்குத் திரும்பினாள்.

இப்போது வழியனுப்ப வந்துகொண்டிருக்கிறாள்.

டொக்.

"கத்திச் சத்தம்தானே?"

அழகிரி கத்தியைத் தூக்கிக் காட்டினார். "கத்தி என் கையில இருக்குங்களே."

டொக். டொக்.

"உள்ளே என்ன வெச்சீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. மூடின சாமானை நாங்க குடையவே மாட்டோம், நசுங்கிடும். அது ஒரே கட்டை நெட்டி." அவர் குரல் தாழ்ந்தது. "அதுல எப்படிங்க சத்தம் வரும்?"

நெட்டியின் குளத்து வாசனை போய், அறையில் அந்துருண்டையும் பழைய இரும்பும் நாறின.

"பாப்பா! வண்டி வந்துருச்சா?" வராந்தாவில் பவுனம்மாளின் குரல். "இந்த முறுக்கை வெச்சுக்குங்க. கப்பல்ல உப்பில்லாமப் போட்டுக் கொல்லுவான்."

பேட்ரிசியா மேஜைத் துணியை இழுத்துக் கண்ணாடிமேல் போட்டாள்.

"எனக்குக்கூடக் காட்டாம என்ன ரகசியம்? கல்யாணச் சீரா?" சிரித்துக்கொண்டே பவுனம்மாள் துணியை உருவினாள். "அட! நம்ம ரூமு! கொசுவலையைப் பாருங்களேன்..."

சிரிப்பு நின்றது. டிரங்கைப் பார்த்துவிட்டாள்.

டொக்.

பவுனம்மாள் கண்ணாடியில் காதை வைத்தாள்.

டொக். டொக். டொக்.

"மயிலு," என்றாள், உள்ளே இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நிமிர்ந்தபோது கண்ணில் நீரில்லை.

"மூடி விழுந்ததும் மயங்கிட்டாள்னு சொன்னாங்களே பாப்பா. இவ தட்டியிருக்காளே. நீங்க இங்கதான இருந்தீங்க? காதுல விழலையா?"

"இல்ல, பவுனம்மா."

தட்டல் ஓய்ந்தது.



"அழகிரி," பவுனம்மாள் திரும்பாமலே கேட்டாள், "பெட்டிமேல இது யாரு?"

"நான் ஆள் உருவமே செய்யலைங்க தாயி. சத்தியமா."

டிரங்கின் மூடிமேல், வெள்ளை நெட்டியில் ஒரு சிறுமி. கவுன் போட்டிருந்தாள். கால்களைத் தொங்கவிட்டு, இரு கைகளாலும் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இந்த ரெட்டைப் பின்னல்," பவுனம்மாளின் விரல் கண்ணாடியில் நின்றது, "நான் போட்டது."



அந்த டிரங்கின் கொக்கி அன்றைக்கு வெகுமுன்பே ஒடிந்துபோயிருந்தது. மூடி தானாக விழவும் இல்லை. தட்டல் ஓயும்வரை பேட்ரிசியா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஓய்ந்த பிறகும்.