உறவு ஏதும் உண்டா?

கையில் குடை இருந்தது. விரிக்கத்தான் தோன்றவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த இலவசச் சட்ட உதவி மையத்துக்குள் ஓடி வந்தாள் அவள். துணிக்கடையில் கால்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைக்கிற வேலை. குண்டூசி குத்தி வைக்கிற பட்டை இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தது. காலையில், பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அவளுடைய அப்பாவைக் குடியேற்றத் துறைக்காரர்கள் வந்து கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி வேலை பர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டது அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும்.

வக்கீல் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருந்த பதற்றத்தில் அவனுடைய கண்களையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தாள்? ஆனாலும் கவனித்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால், தூக்கம் கெட்ட, ரொம்ப நல்ல கண்கள்...

"எங்கப்பாவைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவருக்கு சுகர். கண்ணு சரியாத் தெரியாது. நான்தான் தினமும் இன்சுலின் போட்டுவிடுவேன்..."

அவன் அதை வக்கீலின் மொழியில் சொன்னான். அந்த மொழி அவளுக்கு அரைகுறை. அரைகுறையாகப் புரிந்ததே வினையாகிவிட்டது.

"ஹலோ! உங்கப்பாவையா புடிச்சாங்க? 'என் அப்பா, என் அப்பா'ங்கறீங்க! இன்சுலின் நீங்களா போடறீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "இல்லீங்க... நீங்க சொல்றதை நீங்களாவே மாறி, 'நான்'னுதான் சொல்லணும். எங்க வேலையில அதுதான் முறை."

"நல்ல முறை! எனக்கே தெரியாம அண்ணன் ஒருத்தர் முளைச்சுட்டாரோன்னு பயந்துட்டேன்."

"உங்க அண்ணனா இருக்க எனக்கு இஷ்டம் இல்லீங்க."

வாய் தவறி வந்துவிட்டது. என்ன பேசுகிறீர்கள் என்று வக்கீல் கேட்க, அதை மட்டும் மொழிபெயர்க்காமல் குனிந்துகொண்டான். அழுதுகொண்டு வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அடைபட்டுக் கிடக்கும்போது சிரிக்கிறேனே என்று, அடுத்த நொடியே மறுபடி அழுகையும் வந்தது.

வக்கீல் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அவன் தமிழில் சொன்னான். "அப்பாவை நாளைக்கே போய்ப் பாக்கலாம். புரியாத எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க. வக்கீல் இல்லாம அவர் பதில் சொல்ல வேண்டியதில்ல. மருந்து கேக்கலாம், தமிழ் தெரிஞ்ச ஆளைக் கேக்கலாம். இதெல்லாம் அவரோட உரிமை. யாரும் போடற பிச்சை இல்ல."

கடைசி வரியை வக்கீல் சொன்னாரா, அவனாகச் சேர்த்துக்கொண்டானா? அவளுக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அதன்பிறகு தடுப்பு முகாமுக்கு மூன்று பேருமாகப் போய் வந்தார்கள். அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. "தம்பி, நீங்க வந்தாத்தான் வாய்விட்டுப் பேச முடியுது" என்பார். ஒவ்வொரு தடவையும் அவருடைய கண் கொஞ்சம் கூடுதலாக மங்கியிருந்தது. ஊசி அங்கே நேரத்துக்குக் கிடைப்பதில்லை. எதிரே நிற்பது மகள்தான் என்று அப்பா குரலை வைத்துத் தெரிந்துகொண்ட நாளில், அவள் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அன்றிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தரையைப் பார்த்து.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மழை கொட்டியது. அவன் ஓரமாக நனைந்துகொண்டு நின்றான்.

"குடைக்குள்ள வாங்க. கடிச்சுட மாட்டேன்."

"பரவாயில்லீங்க."

"ஒரு டீயாவது...?"

"வேண்டாங்க."

இனிமேல் என்ன வெட்கம்? "என்னைப் புடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. எனக்கு உங்களைப் பத்தியே நெனைப்பா இருக்கு."

அவன் ரோட்டையே பார்த்தான். "விசாரணை முடியட்டுங்க" என்றான். அவ்வளவுதான்.

கேஸ்காரக் குடும்பம் என்று ஒதுங்குகிறான், வேறென்ன... அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவளும் அவன் பக்கம் திரும்பவில்லை.

விசாரணை நாள். நீதிபதி அப்பாவிடம் எதையும் கேட்பதற்கு முன், மொழிபெயர்ப்பாளனை எழுந்து சத்தியம் செய்யச் சொன்னார். பிறகு கேட்டார்: "இந்தக் குடும்பத்தோடு உங்களுக்கு உறவோ நெருக்கமோ ஏதும் உண்டா?"

வக்கீல் அவள் காதோரம் குனிந்து, அவளுக்குப் புரிகிற எளிய சொற்களில் சொன்னார். உண்டு என்றால் அவனை நீக்கிவிடுவார்கள். தமிழுக்கு இங்கே அவன் ஒருவன்தான். வேறு ஆள் வரும்வரை, மாதக்கணக்கில், அப்பா அந்த முகாமிலேயே கிடக்க வேண்டும்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அடப்பாவி... இதற்காகவா அந்த மழையில் அப்படி நின்றாய்?

"இல்லை" என்றான் அவன். குரல் அவனுக்கே கேட்டிருக்காது. நீதிபதி இன்னொரு தடவை கேட்டார். "இல்லை."

அப்பா பேசினார். அவன் ஒரு சொல் விடாமல் சொன்னான். வக்கீலும் விடாமல் வாதாடினார். ஆனாலும் தோற்றுப்போனார்கள். அப்பாவை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவாயிற்று. மேல்முறையீட்டை ஊருக்குப் போய் அங்கிருந்தே செய்யலாம், மகளுக்குத் தனி பர்மிட் உண்டு, அவள் இங்கே இருக்கலாம், ஆனால் அவளும் போய்விட்டால் அந்த பர்மிட் ரத்தாகிவிடும்.

"நீ இரும்மா. நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

"எப்படிப்பா? ஊசியில கோடே தெரியல உங்களுக்கு. நானும் வரேன்."

அப்பா அவள் முகத்தைத் தடவித் தேடிக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

வெளியே படிக்கட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"உள்ள சொன்னீங்களே, இல்லைன்னு. பொய்தானே?" என்றாள் அவள்.

"உண்மைங்க. அது உண்மையா இருக்கணும்னுதான் இத்தனை நாளா உங்க முகத்தைக்கூட நிமிர்ந்து பாக்கல."

"இப்ப?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதல்முறையாக, ஆற அமர... அந்தக் கண்கள் நிறைந்திருந்தன.

"இப்ப யாரும் என்னைக் கேக்கல, நானா சொல்றேன். எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு. முதல் நாள்லேருந்தே. உங்களைப் போக விடாம தடுக்கறதுக்காகச் சொல்லலை. அப்பாகூட நீங்க போய்த்தான் ஆகணும். தெரியாமலே போயிடக் கூடாதில்ல... அதான்."

அழுகை அடங்கட்டும் என்று பார்த்தாள். அது அடங்குவதாகத் தெரியவில்லை.

"ஜெயிச்சிருந்தா எப்படிச் சொல்லியிருப்பீங்க?"

"சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேன்."

உள்ளேயிருந்து அப்பா அவளைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. அவள் போகத் திரும்பினாள். திரும்பியவள் அவனுடைய கையை எடுத்துத் தன் ஈரக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு" என்றாள். "புடிச்சிருந்தும்தான் போறேன்."