காலியாக விடக்கூடாத கட்டம்

மழைக்கு ஒதுங்கத்தான் அவன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் நேராக அவள் குடையில் மோதினான். குடைக்கம்பி ஒன்று படக்கென்று மடங்கியது...

"கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க... கண்ணாடியிலதான் மழை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று கேட்க வைக்கிற கண்கள்... கேட்க நமக்கென்ன என்று அவள் விறுவிறுவென ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள்.

பதிவுப் பிரிவில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர். ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. யார் பிழை செய்தாலும் திருத்திவிடுவாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, மேனேஜர் அதே கண்ணாடிக்காரனை அழைத்து வந்து நிறுத்தினார்.

"இவர்தான் சாஃப்ட்வேர்காரர். இனிமே கம்ப்யூட்டர்ல யார் எதை மாத்தினாலும், முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப என்ன இருக்கு, மாத்தினது யாரு... எல்லாம் தானா பதிவாகிடும்."

சில நாள் வேலை பார்த்தபின், எல்லோரையும் கூட்டி அவன் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். ஒரு நோயாளியின் ரத்த வகை. பழையது ஒன்று, புதியது ஒன்று. பக்கத்தில் அவள் பெயர்.

"டீச்சருக்கே தப்பு வருமா?" என்றது ஒரு குரல். அறையே சிரித்தது.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. "சார், எங்களை வேவு பார்க்கத்தான் வந்தீங்களா?"

"ஐயோ, அதில்லைங்க..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

அதோடு பேச்சு நின்றது. அவன் வணக்கம் சொன்னால் இவள் பிரிண்டருக்குத் தலையசைப்பாள். மறுநாளும் அவன் தவறாமல் வணக்கம் சொல்வான். ஆனாலும் பாழாய்ப்போன கண் சும்மா இருக்கிறதா... கேன்டீனில் அவன் சுவரைப் பார்த்தபடி தனியே சாப்பிடுவது தெரிந்தது. அவன் போன் ஒருமுறைகூட அடிக்காததும் தெரிந்தது. அவள் அறையிலும் ஒரே தட்டு, ஒரே டம்ளர். அம்மா போனபின் இன்னொரு தட்டைக் கழுவும் வேலையே இல்லை. கடல் தாண்டிப் போன அண்ணனுக்கு அவள் நினைவு வந்தால் உண்டு. கதவைத் திறந்ததும் விளக்கைப் போடுமுன் ஒரு கணம் நிற்பாள்... உள்ளே யாராவது கூப்பிட மாட்டார்களா என்று.

அவன் வேலையின் கடைசி நாள். ஊழியர்கள் அவரவர் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் மட்டும் திரை முன்னால்.

'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: அம்மா.'

திருத்தப் போவாள்... கையை எடுத்துவிடுவாள். மறுபடியும் போவாள்.

"சிஸ்டம் மாட்டிக்கிச்சா?" பின்னால் அவன்.

"இல்ல..." அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதை மாத்தினா பழசு போயிடுமா?"

அவன் திரையைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"முன்னாடின்னா போயிருக்கும். இப்ப போகாதுங்க. அம்மாங்கற வார்த்தை, அவங்க நம்பர், ரெண்டும் பத்திரமா இருக்கும். என்னாலகூட அழிக்க முடியாது."

திரை கலங்கித் தெரிந்தது அவளுக்கு. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பில் ஒரு வரி எழுந்தது: 'காலியாக விடக்கூடாது.'

"இதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா... இங்க போட ஆளே இல்லாதவங்க இருப்பாங்கன்னு தோணாம போச்சு. இத்தனைக்கும் நான் என் ஆபீஸ் நம்பரைத்தான் போட்டிருக்கேன்."

அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த ரத்த வகை..." என்றான் அவன். "நர்ஸ் எழுதினதுல இருந்த தப்பை நீங்கதான் கண்டுபிடிச்சு மாத்தினீங்க. அதைச் சொல்லத்தான் காட்டினேன். அதுக்குள்ள சிரிச்சுட்டாங்க."

"நானும் கேக்காம வந்துட்டேன்." விசைப்பலகையைப் பார்த்தபடி, "சாயங்காலம் ஊருக்குக் கிளம்புறீங்களாமே?"

"இங்க வேலை இன்னிக்கோட முடியுதுங்க."

ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"உங்க நம்பரைச் சொல்லுங்க."

சொன்னான். தன் நம்பரே நடுவில் மறந்து, திரும்பத் தொடங்கினான். அடுத்த கட்டம், 'உறவு'.

"என்ன போட?"

"இப்போதைக்கு நண்பர்னு... பிறகு மாத்திக்கலாம். பழசு எங்கயும் போகாது."

அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மாத்தணும்னா நீங்க இங்க இருக்கணுமே."

"அடுத்த வேலையை இந்த ஊர்ல இருந்தே பாக்கறேன்னு ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேன்..." அவன் குரல் இறங்கியது. "உங்களை விட்டுப் போக முடியலங்க. அதை உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."

"சொல்லிட்டீங்களே," என்றாள் அவள். "எனக்கும் அதேதான்..."